கந்தளாய் நீர் கற்பிக்கும் பாடம்

மாத்தளை மலைகளில் வீழும் மழைத்துளி நம் திருகோணமலைத் துறைமுகத்தை வந்தடையும் என்றால் இளைஞர் பலர் வியப்பர். ஆயினும் அஃது உண்மையே. அம்மலைநாட்டில் ஊறும் அம்பன் கங்கையின் நீர் எலகெரவில் மறிக்கப்பட்டு, பண்டைய மன்னர் வெட்டுவித்த கால்வாய் வழியாக மின்னேரிக்கும், அப்பால் கந்தளாய்க்கும் வருகின்றது. கந்தளாய்க் குளத்தினின்று தம்பலகாமத்து வயல்களில் பாய்ந்து தம்பலகாமக் குடாவில் கலக்கின்றது. அக்குடாவோ நம் துறைமுகத்து நீர்ப்பரப்போடு இணைந்தது.

இவ்வழி நெடுகிலும் தனித்து வாழும் உயிர் ஒன்றேனும் இல்லை. குளத்தின் மேற்புறத்துக் காடு மண்ணைப் பிடித்து வைப்பதனாலேயே குளம் விரைவில் தூர்ந்து போகாதிருக்கின்றது. கரையோரத்து மருதமரம் நீரை உண்டு வளர்ந்து, தன் வேரினால் அக்கரையைக் காக்கின்றது. வயலிலே கொக்கு பூச்சியைத் தின்கின்றது. பாம்பு எலியைப் பிடிக்கின்றது. குடாவின் ஓரத்துக் கண்டற் காட்டில் உதிரும் இலை அழுகி நுண்ணுயிர்க்கு இரையாக, அவற்றை உண்ணும் இறாற்குஞ்சுகள் அம்மரத்தின் வேர்களிடையே வளர்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இக்குடாவில் தட்டையான முத்துச் சிப்பி எடுக்கும் தொழில் நடந்தது. இயற்கை நூலறிஞர் கேலார்ட் அச்சிப்பியை ஆராய்ந்து எழுதினார். நன்னீரும் உப்புநீரும் அளவாகக் கலத்தலே இவ்வுயிர்களுக்கு வாழ்வு. ஆகவே, உழவன் மடை திறப்பதும் அடைப்பதும் மீனவனின் வலையையும் தொடுகின்றது.

நான் பயின்ற மிஷன் பாடசாலையில் டார்வின் 1859இல் வெளியிட்ட நூலைப் பற்றிக் கற்றபோது, “வலியது வாழும்” என்ற ஒன்றே என் மனத்திற் பதிந்தது. பின்னரே, அந்நூலிலேயே அவர் வேறொன்றையும் காட்டியுள்ளார் என அறிந்தேன். செந்நிறப் பூப்பூக்கும் ஒருவகைப் புல்லுக்குப் பெருந்தேனீ வேண்டும்; அத்தேனீயின் கூட்டை எலி அழிக்கும்; எலியைப் பூனை பிடிக்கும். எனவே ஊரில் பூனை பெருகினால் வயலில் பூப் பெருகும்! சைபீரியாவில் விலங்குகளின் வாழ்வைக் கண்டாய்ந்த குரொப்பொட்கின், 1902இல் வெளியிட்ட நூலில், போட்டியைப் போலவே பரஸ்பர உதவியும் இயற்கையின் நியதி என நிறுவினார்.

இவ்வுண்மையை நம் முன்னோர் குளக்கட்டிலே கண்டனர். கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டு மன்னன் கோயிலும் குளமும் அமைத்து, தானத்தார், வரிப்பத்தார் முதலியோர்க்குத் தொழும்பு வகுத்த வரலாற்றைக் கூறும். குளமின்றி வயலில்லை, வயலின்றித் திருவமுதில்லை. அவ்வகுப்பை உயர்வு தாழ்வு கற்பிக்கும் ஏணியாகக் கொள்வோர் உளர். அது பிழை. கட்டிலே மண் சுமந்தவன் கை ஓய்ந்தால் கருவறை விளக்கும் அணையும் என்பதே நாம் கொள்ளத்தக்க பொருள்.

இக்குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது நம் மரபு. 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி என்பது சிங்கள மரபு. இது பற்றி வழக்காடுவோர் பலர். ஆயினும் 1986 ஏப்ரல் 20ஆம் நாள், விடியுமுன் கட்டு உடைந்தபோது, வெள்ளம் எவருடைய மரபையும் கேட்டு நிற்கவில்லை. உறக்கத்திலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடும் வயலும் அழிந்தன. கட்டில் ஓரிடம் நெகிழ்ந்தால் ஊரே நெகிழும். பின்னர் கட்டு மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று அதன் நீரைத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தத்தம் வயல்களுக்குப் பாய்ச்சுகின்றனர்.

இளைஞரே! சமூகமும் ஒரு குளக்கட்டே. வெடிப்புக் காணுமிடத்தில், “இது என் பங்கன்று” என விலகிச் செல்வோன் தன் வயலையே அழிக்கின்றான். கண்டற் காட்டை வெட்டுதலும், அயலவனைப் பகைத்தலும், மண் சுமப்பவனை இகழ்தலும் அவ்வெடிப்புகளேயாம். பெரியோர் குளத்தை நம்மிடம் தந்தனர். ஒரு கூடை மண்ணேனும் இட்டுச் செல்வது நம் கடன்.