வழக்கும் வழக்குமன்றமும்: புதுச்சேரிக் கொம்யூன்களில் மணவிலக்கின் வரலாறு

‘வழக்கு’ என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் உடையது. மக்கள் வாழ்வில் நெடுங்காலம் நிலைபெற்ற ஒழுகலாறு ஒன்று. நீதிமன்றத்தில் இருவர் தம்முள் மாறுபட்டு நிற்கும் வழக்காடல் மற்றொன்று. இலக்கண நூலார் முதற்பொருளையே பெரிதும் ஆண்டனர். இற்றை நாளில் இரண்டாம் பொருளே முன்னிற்கின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்படும் இடங்களுள் மணவிலக்கு தலையாயது. தன் குலவழக்கின்படி முதல் மணம் அறுந்தது என்கின்றாள் ஒருத்தி. அவ்வழக்கு உண்டென மெய்ப்பித்துக் காட்டுக என்கின்றது நீதிமன்றம். புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. நிலப்பகுதி

வில்லியனூர் புதுச்சேரி நகர்க்கு மேற்கிலும், பாகூர் தென்மேற்கிலும் அமைந்தவை. பாகூரின் தொன்மையைத் தமிழறிஞர் நன்கறிவர். கி.பி. 9ஆம் நூற்றாண்டினனாகிய பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்றமையைக் கூறுகின்றது. பிற்காலத்தில் 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை, புதுச்சேரியைச் சூழ்ந்த சார்புநிலமாக இவ்விரு பகுதிகளையும் பெயர் சுட்டிப் பிரெஞ்சுக்காரர்க்கு உறுதி செய்தது. 1880 மார்ச்சு 12ஆம் நாள் ஆணையால் இரண்டும் கொம்யூன்கள் ஆயின.

இப்பகுதியின் நில அமைப்பு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு ஊர்களும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடந்தன. ஒரு வரப்பின் இப்பால் ஓர் அரசு, அப்பால் மற்றோர் அரசு. கொள்வினையும் கொடுப்பினையும் வரப்பைப் பாராமல் நிகழ்ந்தன; சட்டமோ வரப்போடு நின்றது.

2. 1819ஆம் ஆண்டு ஒழுங்குமுறை

1819 சனவரி 6ஆம் நாள் பிறந்த ஒழுங்குமுறை, பிரெஞ்சு நாட்டுச் சட்டத் தொகுதிகளைப் புதுச்சேரியில் நடைமுறைப்படுத்தியது. எனினும் அதன் மூன்றாம் விதி, கிறித்தவராயினும் இசுலாமியராயினும் இந்துக்களாயினும் இந்தியர் யாவரும் முன்போலவே தத்தம் சாதியின் சட்டங்களாலும் பழக்கவழக்கங்களாலும் நீதி பெறுவர் எனக் கூறியது. மணம், மணவிலக்கு, மரபுரிமை ஆகியவை இவ்வாறு மாமூலின் ஆட்சிக்குள் நின்றன.

மாமூல் யாது என நீதிபதி அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாக 1827இல் இந்தியச் சட்டநெறி ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பெற்றது. வழக்கொன்றில் சாதிமரபு பற்றி ஐயம் எழுமிடத்து நீதிமன்றம் இக்குழுவைக் கேட்கும்; குழு கருத்துரைக்கும். அக்கருத்துரைகளைப் புதுச்சேரி நீதிபதியாக இருந்த லெயோன் சோர்க் என்பார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்து அச்சிட்டார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நெறி வேறாக இருந்தது. அங்கு வடமொழித் தருமநூல்களே முதற்சான்று. வழக்கத்தை எடுத்துரைப்போர் அதனை மெய்ப்பித்தல் வேண்டும். 1868இல் இராமநாதபுரம் வழக்கில் இலண்டன் பிரிவிக் கவுன்சில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் நூல்விதியினும் வலிமையுடைத்து எனத் தீர்ப்பளித்தது. புதுச்சேரியிலோ வழக்கத்தைத் தேடுதற்கென்றே ஓர் அமைப்பு இருந்தது. இதன் பயனாகப் புதுச்சேரி இந்துச் சட்டம் தனித்தன்மை பெற்றது. மைந்தர்க்குப் பிறப்பால் குடும்பச் சொத்தில் பங்கு வாராது, தந்தையே முழுவுரிமையாளன் என்னும் கோட்பாடு இதற்குச் சான்றாகும்.

3. குலவழக்கில் மணவிலக்கு

தொல்காப்பியக் கற்பியல் கணவன் மனைவியரிடை நிகழும் பிரிவுகளை விரித்துரைப்பினும் மணமுறிவுக்கெனத் தனி இலக்கணம் வகுத்திலது. தருமநூல்களைத் தழுவிய சாதியாரிடத்தும் மணம் தீர்க்கவொண்ணாத கட்டாகவே கருதப்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டுக் குடிகள் பலவற்றில் பஞ்சாயத்தார் முன்னிலையில் தீர்த்துவிடுதலும், அறுத்துக்கட்டுதல் எனப்படும் மறுமணமும் வழங்கி வந்தன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இத்தகைய வழக்கங்கள் பல குறிக்கப்பட்டுள்ளன. பரிசப்பணம் திருப்பித் தரப்படும்; தாலி கழற்றப்படும்; ஊரார் அறிய இருவரும் விடுபடுவர்.

ஆகவே 1819ஆம் ஆண்டு விதியின் விளைவு எல்லார்க்கும் ஒன்றாக இருந்திலது. குலவழக்கு இடந்தருமாயின் ஒருத்தி விடுதலை பெறலாம். இடந்தராதாயின் எவ்வளவு கொடுமையுற்றாலும் அவளுக்குச் சட்டத்தில் வழியில்லை. உயர்ந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட குலத்துப் பெண்ணினும், அவர்களால் தாழ்த்தி எண்ணப்பட்ட குலத்துப் பெண் இவ்வொரு பொருளில் மிக்க உரிமையுடையவளாக இருந்தாள் என்பது கருதத்தக்கது.

4. பதிவும் துறவும்

1880 ஏப்பிரல் 24ஆம் நாள் ஆணை, இந்தியர்தம் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றும் முறையை நிறுவியது. அடுத்து, 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, விரும்புவோர் தம் குலவழக்கைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை மேற்கொள்ளலாம் என்றது. ‘ரெனோன்சான்’ எனப்பட்டோர் இவரே. அத்துறவு மீளமுடியாதது, மனைவியையும் சிறுவரையும் தழுவியது.

ஈண்டு ஒரு முரண் காணப்படுகின்றது. பிரெஞ்சு நாட்டில் மணவிலக்கு 1816இல் நீக்கப்பட்டது. 1884 சூலை 27ஆம் நாள் நக்கே சட்டத்தால்தான் மீண்டும் வந்தது. எனவே 1881இல் சாதிச் சட்டத்தினின்று விடுதலை பெறக் கருதித் துறந்தோர், மணவிலக்கே இல்லாத ஒரு சட்டத்துள் புகுந்தனர். மணவிலக்கை ஏற்ற குலத்தினர் துறந்திருப்பின், அவர் இவ்வகையில் இருந்த உரிமையையும் இழந்தவராவர். புதுமை எனக் கொள்ளப்படுவது எப்போதும் உரிமையை மிகுவிக்கும் எனக் கருதுதல் பொருந்தாது என்பதை இது காட்டும்.

5. வரப்பின் இருபுறம்: 1949 – 1963

சென்னை மாகாணச் சட்டமன்றம் 1949இல் இந்துக்களின் இருதாரமணத்தைத் தடுத்தும் மணவிலக்குக்கு வழிவகுத்தும் சட்டம் இயற்றியது. அதன்பின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் நாடு முழுமைக்குமாக வந்தது. தென்னார்க்காட்டுப் பெண்ணுக்கு இவை உடனே கிடைத்தன. பாகூர்ப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி இந்திய அரசின் கைக்கு மாறியது; 1956 மே 28இல் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று; 1962 ஆகத்து 16இல் அது சட்டப்படி நிறைவெய்தியது. அதுகாறும் பழைய மாமூலே நடந்தது. 1963ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறையால் இந்துத் திருமணச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டுப் புதுச்சேரிக்கு உரியதாயிற்று. ஒரே குலம், ஒரே மொழி, ஒரே கோயில் வழிபாடு. ஆயினும் பதினான்கு ஆண்டுகள் வரப்பே உரிமையை வரையறுத்தது.

அவ்வாறு விரித்தபோதும் ரெனோன்சான்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்னும் விதி அதன் இரண்டாம் பிரிவில் சேர்க்கப்பட்டது. அவ்விதி இன்றும் உள்ளது.

6. இற்றை நடைமுறை

இன்று வில்லியனூர், பாகூர்ப் பகுதியினர் மணவிலக்கு வேண்டின் புதுச்சேரி நகரிலுள்ள குடும்ப நீதிமன்றத்தை நாடுகின்றனர். மணம் நிகழ்ந்த இடம், எதிர்மனுதாரர் வாழும் இடம், இருவரும் இறுதியாக ஒருங்கு வாழ்ந்த இடம் ஆகியவற்றைக் கொண்டு நீதிமன்ற எல்லை அமையும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மனைவி தான் வாழும் இடத்திலேயே மனுச்செய்தலும் கூடும். மணமாகி ஓராண்டு கழிதல் பொதுவிதி. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம், முதற்கண் இருவரையும் இணக்குவிக்க முயலுமாறு நீதிபதிக்குக் கட்டளையிடுகின்றது. ஒருவர் வேண்டின் மூடிய அறையில் விசாரணை நிகழும். வழக்கறிஞரை அமர்த்துதல் நீதிமன்றத்தின் இசைவுக்கு உட்பட்டது.

கொடுமை, கைவிடுதல் முதலிய காரணங்களை மெய்ப்பித்தல் ஒரு வழி. 1976இல் சேர்க்கப்பட்ட இருவர் உடன்பாட்டு மணவிலக்கு மற்றொரு வழி. இதற்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருத்தல் வேண்டும். மனுவுக்குப்பின் ஆறு திங்கள் பொறுத்தலும் விதி. தக்க வழக்கில் இவ்வாறு திங்களை நீதிமன்றம் தவிர்க்கலாம் என உச்சநீதிமன்றம் 2017இல் கூறியது. வழக்கு நடைபெறுங்காலத்து வாழ்க்கைச் செலவும், பின்னர் ஜீவனாம்சமும், குழந்தைகளின் காப்பும் இச்சட்டத்திலேயே அடங்கும்.

7. எஞ்சி நிற்கும் வழக்கு

புதிய சட்டம் பழைய குலவழக்கை முற்றும் துடைத்தொழித்ததா? இல்லை. வழக்கத்தால் பெற்ற மணவிலக்குரிமையைத் தான் தாக்காது என அச்சட்டத்தின் 29(2)ஆம் பிரிவு கூறுகின்றது. எனவே பஞ்சாயத்தார் முன் தீர்த்துவிடுதல் இன்றும் செல்லக்கூடியதே. ஆயினும் அவ்வழக்கம் நெடுங்காலம் இடையறாது ஒருபடித்தாகப் பின்பற்றப்பட்டதாகவும், உறுதியுடையதாகவும், நேர்மைக்கும் பொதுநலக் கொள்கைக்கும் மாறாகாததாகவும் இருத்தல் வேண்டும். 2002, 2005ஆம் ஆண்டுகளில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புகள், அதனை வழக்குரையில் எடுத்துரைத்துச் சான்றால் மெய்ப்பித்தல் இன்றியமையாதது என வற்புறுத்தின. பஞ்சாயத்தார் கையொப்பமிட்ட எழுத்து மட்டும் போதாது. அக்குலத்தில் அவ்வழக்கம் உண்டு என்பதே மெய்ப்பிக்கப்படல் வேண்டும்.

இங்கேதான் இடர் உள்ளது. ஊரார் முன் விடுதலை பெற்று, அவ்வூரார் வாழ்த்த மறுமணம் செய்துகொண்ட ஒருத்தி, தன் வழக்கத்தை மெய்ப்பிக்க இயலாளாயின், அம்மறுமணம் செல்லாததாகும். கணவன் இறந்தபின் அவள் மனைவி எனக் கோரும் சொத்தும், கைவிடப்பட்டால் கேட்கும் ஜீவனாம்சமும் ஐயத்துக்குள்ளாகும். ஊர் அறிந்த உண்மை நீதிமன்றத்தில் உண்மையாகாது போகும். தன் மணநிலையை அறுதியிட்டு உரைக்குமாறு குடும்ப நீதிமன்றத்தை அவள் முன்னரே வேண்டலாம் எனினும், அங்கும் சான்று வேண்டும்.

8. முடிவு

1819இல் வழக்கத்தைக் கண்டறிதல் அரசின் கடனாக இருந்தது. இன்று அதனை மெய்ப்பித்தல் வழக்காடுவோரின் சுமையாயிற்று. பழைய முறை பெண்ணுரிமையைச் சாதியோடு பிணைத்தது. அதனைப் போற்றுதல் நம் கருத்தன்று. எல்லாக் குலத்தார்க்கும் ஒரு வழி திறந்த 1963ஆம் ஆண்டு மாற்றம் நன்றே. ஆயினும் வழக்கைச் சட்டம் ஏற்குங்காலத்து, அதனைப் பதிந்து வைப்பார் இல்லையெனின் அவ்வேற்பு பெயரளவினதாகும். ஆலோசனைக் குழுவின் கருத்துரைகள் பிரெஞ்சு மொழியில் உறங்குகின்றன. கொம்யூன்களின் பழைய மணப்பதிவேடுகள் ஆராய்வாரை நோக்கியுள்ளன. தீர்த்துவிடுதல் பற்றிய சொற்களும் சடங்குகளும் முதியோர் நினைவில் மட்டும் வாழ்கின்றன. இவற்றைத் தமிழாக்கித் தொகுத்தல் சட்ட அறிஞரால் மட்டும் ஆவதன்று. உலகவழக்கை ஆராய்தலைத் தம் துறையாகக் கொண்ட தமிழ் ஆராய்ச்சியாளர் இப்பணியில் தலைப்படுவாராயின், வழக்குமன்றத்தில் நிற்கும் ஒருத்திக்கு அவள் வழக்கே துணையாக வரும்.