நாலு கட்டத்துக்குள் மூணு வருஷம்

'அசுமங்கா டையோ' பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: ஆறு பொண்ணுங்க, ஒரு உயர்நிலைப் பள்ளி, கதைன்னு ஒண்ணும் கிடையாது. பாதி சரி. கதை கிடையாதுதான். ஆனால் அதில் காலம் ஓடுகிறது. நாலு கட்டச் சித்திரக்கதையின் வரலாற்றில் அது சின்ன விஷயமில்லை என்பது என் கட்சி.

முதலில் வடிவத்தைப் பார்த்துவிடலாம். ஜப்பானில் இதை 'யொன்கோமா' என்பார்கள், அதாவது நாலு கட்டம். மேலிருந்து கீழே படிக்க வேண்டும். முதல் கட்டத்தில் தொடக்கம், இரண்டாவதில் வளர்ச்சி, மூன்றாவதில் திருப்பம், நாலாவதில் முடிப்பு. இந்த வாய்பாடே பழைய சீனத்து நாலடிக் கவிதையிலிருந்து வந்ததுதான். நம்மூர் வெண்பாவின் கடைசி அடி மாதிரி நாலாவது கட்டத்தில் 'டக்'கென்று ஒரு வெட்டு விழும்.

இந்த வடிவம் வளர்ந்த இடம் நாளிதழ். மாச்சிகோ ஹசெகாவாவின் 'சசாயே-சான்' 1946-இல் ஃபுகுவோகாவின் ஒரு பத்திரிகையில் தொடங்கி, பிறகு அசாஹி நாளிதழுக்கு மாறி, 1974 வரை வந்தது. ஆரம்பத்தில் சசாயேவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிறகு ஆகிறது, பிள்ளை பிறக்கிறது, அதோடு கடிகாரம் நின்றுவிடுகிறது. 1969-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் இன்னும் ஓடுகிறது. சசாயேவின் தம்பி கட்சுவோ இன்னமும் அஞ்சாம் வகுப்புதான்! நாளிதழ் வாசகனுக்கு இது வசதி. நேற்றைய பேப்பரைத் தவறவிட்டாலும் இன்றைக்குச் சிரிக்கலாம். அதனால் யொன்கோமாவில் யாருக்கும் வயசாகாது என்பது எழுதப்படாத விதியாகவே ஆகிவிட்டது.

1999 தொடக்கத்தில் 'டெங்கெகி டையோ' என்ற மாத இதழில் கியோஹிகோ அசுமா தன் தொடரை ஆரம்பித்தார். தலைப்புக்குப் பெரிய தத்துவ அர்த்தம் தேட வேண்டாம். ஆசிரியர் பெயர், மாங்கா என்ற சொல், இதழின் பெயர், மூன்றையும் ஒட்டிவிட்டார், அவ்வளவுதான். அத்தியாயங்களை மாதக்கணக்கில் அடுக்கினார். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், உயர்நிலைப் பள்ளி மூன்று ஆண்டு. தொடர் முடிந்தது 2002-இல். அதாவது வாசகன் வாழ்ந்த மூணு வருஷமும் அந்தப் பிள்ளைகள் படித்த மூணு வருஷமும் கிட்டத்தட்ட ஒண்ணு. மொத்தம் நாலே தொகுதி.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். விளையாட்டு விழா மூன்று முறை வருகிறது, கலைவிழாவும் மூன்று முறை. கோடை விடுமுறையில் சியோவின் கடற்கரை வீட்டுக்குப் போவதும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. முதல் வருஷம் வேறு வகுப்பில் இருந்த ககுரா இரண்டாவது வருஷம் வகுப்பு மாற்றியபோது இந்தக் கூட்டத்தில் சேருகிறாள். மூணாவது வருஷம் நுழைவுத் தேர்வு வந்து எல்லார் தலையிலும் உட்காருகிறது. ஒவ்வொரு நாலு கட்டமும் தனி நகைச்சுவைதான். ஆனாலும் அடுக்கிப் பார்த்தால் ஒரு பருவம் கையைவிட்டு நழுவுவது தெரிகிறது.

சகாகி விஷயத்தில்தான் இது நன்றாக வேலை செய்கிறது. உயரமான, அதிகம் பேசாத பொண்ணு. பூனை என்றால் உயிர். தெருப்பூனையைத் தடவக் கை நீட்டினால் அது கடித்துவிடும். இதே நகைச்சுவை எத்தனை தடவை வருகிறது! சசாயே-சான் முறைப்படி பார்த்தால் காலம் முழுக்கக் கடித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் இரண்டாம் ஆண்டு பள்ளிச் சுற்றுலாவில் ஓகினாவா பக்கம் போகும்போது, இரியோமோத்தே தீவில் ஒரு காட்டுப்பூனைக் குட்டி அவளிடம் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. அறிவியல் உலகுக்கு 1967-இல்தான் அறிமுகமானது, மிச்சம் இருப்பது சுமார் நூறு. சாலையில் வண்டி மோதிச் சாவது அந்தப் பூனைகளுக்கு உண்மையிலேயே இருக்கும் ஆபத்து. மூன்றாம் ஆண்டில் அந்தக் குட்டி தாயை இழந்து அவளைத் தேடி வருவதற்கு அசுமா சொல்லும் காரணமும் அதுவே. கடல் தாண்டிப் பூனை எப்படி வந்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது. ரெண்டு வருஷக் கடி வாங்கிய பிறகு அது வருகிறது என்பதால் நம்பிவிடுகிறோம்.

ஒசாகா என்ற பட்டப்பெயர் கொண்ட பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒசாகாக்காரர்கள் வேகமான பேச்சுக்காரர்கள், நையாண்டிக்காரர்கள் என்பது ஜப்பானில் பரவலான எண்ணம். இவளோ ஆமை வேகம், எந்நேரமும் ஏதோ கனவில் இருப்பாள். ஊர்ப்பெயரைச் சுமத்தி எதிர்பார்த்தவர்கள்மேல்தான் அந்த நகைச்சுவை திரும்புகிறது. ஆங்கில ஒலிப்பதிவில் அவளுக்கு அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சைக் கொடுத்தார்கள். மந்தம் வந்தது, அந்த ஏமாற்றம் வரவில்லை.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மாணவிகளைப் பிடிக்கும் என்பதால்தான் ஆசிரியரானேன் என்று வகுப்பிலேயே சொல்லும் கிமுரா பாத்திரம் இன்றைக்குச் சகிக்கவில்லை. அன்றைக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டியதில்லை.

தொடர் முடிந்த அதே 2002-இல் ஹோபுன்ஷா நிறுவனம் 'மாங்கா டைம் கிராரா'வைத் தொடங்கியது. பள்ளிப் பெண்களின் அன்றாடத்தை நாலு கட்டத்தில் சொல்லும் தொடர்களுக்கு அதுவே வீடாகிப்போனது. 2007-இல் அங்கே ஆரம்பித்த 'கே-ஆன்!' 2010-இல் பட்டமளிப்போடு முடிந்தது, அடுத்த வருஷமே கல்லூரிக் கதையாகத் திரும்பி வந்தது. விற்பனை அப்படி, குறை சொல்ல முடியாது.

அசுமா அந்த வழியில் போகவில்லை. 2003-இல் 'யொட்சுபாடோ!' என்று வேறு வேலைக்குப் போய்விட்டார். பத்தாம் ஆண்டை ஒட்டி 2009-இல் ஷோகாகுகான் புதுப் பதிப்பு போட்டபோது சில புது அத்தியாயங்கள் வரைந்தார். அவற்றுக்குத் துணைப்பாடம் என்று பெயர். அவை போய் நின்றதும் பழைய வகுப்பறையில்தான். சியோ அமெரிக்காவில் என்ன படித்தாள், சகாகி கால்நடை மருத்துவர் ஆனாளா என்ற கேள்விகளை அவர் இன்றுவரை தொடவில்லை.