இங்கிலாந்தில் சுகாதாரக் கேடு அகற்றல் சட்டங்களும் செலவு மீட்பும்

பராமரிப்பின்றி விடப்பட்ட வீட்டையோ மனையையோ நகர நிர்வாகமே துப்புரவு செய்து, அதற்கான செலவை உரிமையாளரிடம் வசூலிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சட்ட வடிவம் பெற்றது. 1846, 1848, 1855 ஆகிய ஆண்டுகளின் சுகாதாரக் கேடு அகற்றல் சட்டங்களும், 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் இதன் முக்கியப் படிகள் ஆகும்.

ஏழைகள் நலச் சட்ட ஆணையத்தின் செயலாளராக இருந்த எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட அறிக்கை, அசுத்தமான குடியிருப்புகளையும் நோயையும் தொடர்புபடுத்தியது. துர்நாற்றமே நோய்க்குக் காரணம் என்ற அவரது நம்பிக்கை தவறானது. ஆனால் அவரது கணக்கு சரியாக இருந்தது: நோயால் இறந்தவரின் மனைவி மக்களை ஊர் வரிப்பணத்தில் தாங்குவதைவிட, கழிவுக்குழியைத் துப்புரவு செய்வது மலிவு. 1846ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்க இரண்டு மருத்துவர்களின் சான்று வேண்டும். காலரா மீண்டும் பரவிய 1848இல், குடித்தனக்காரர் இருவர் கையெழுத்திட்ட புகாரே போதும் என்றானது.

துப்புரவுச் செலவை யார் தருவது? 1855ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு கற்பனையைக் கையாண்டது. நிர்வாகம் செய்த செலவு, உத்தரவு பெற்றவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அவருக்காகச் செய்யப்பட்டதாகவே கருதப்படும். நோட்டீசை மதிக்காதவரும் கேட்டுக்கொண்டவர் ஆனார்.

உரிமையாளர் யார் என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி. நிலம் ஒருவருடையதாக இருக்கும். நீண்டகாலக் குத்தகை இன்னொருவரிடம் இருக்கும். மூன்றாமவர் அதை எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடுவார். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால் நோட்டீஸ் வெறும் காகிதம்தான். 1875ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரத்தைத் தேடிப் போகவில்லை. முழு வாடகையை யார் பெறுகிறாரோ அவரே உரிமையாளர் என்றது. தனக்காகப் பெற்றாலும், முகவராகவோ அறங்காவலராகவோ பெற்றாலும் சரி. வீடு காலியாக இருந்தால், வாடகைக்கு விட்டிருந்தால் யார் பெற்றிருப்பாரோ அவர்.

வடிகால், கழிப்பிடம் போன்ற வேலைகளை உரிமையாளர் செய்யத் தவறி நிர்வாகம் செய்து முடித்தால், அந்தத் தொகை சொத்தின் மீதே வில்லங்கமாக நின்றது. வட்டி ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. 30 ஆண்டுகள் வரை தவணையும் அனுமதிக்கலாம். சொத்தை விற்றுவிட்டு நகர்ந்தாலும் கடன் அங்கேயே இருக்கும். இம்முறையின் உண்மையான பலம் இதுதான் எனலாம்.

சுகாதாரக் கேட்டை அகற்றும் உத்தரவுகளில் நிலை வேறு. அவற்றின் செலவாக உரிமையாளரிடம் வசூலிக்கக்கூடியது அந்த இடத்தின் ஓராண்டு வாடகையைத் தாண்டக் கூடாது. மிகவும் சீரழிந்த வீட்டுக்கு ஆகும் மிகுதிச் செலவு, ஒழுங்காக வரி கட்டிய அண்டை வீட்டார் தலையில் விழுந்தது.

சுகாதாரக் கேடு அகற்றல் சட்டங்களைச் செயல்படுத்தும் பொறுப்பு லண்டனில் வெஸ்ட்ரி எனப்பட்ட வட்டார மன்றங்களிடமும் மாவட்ட வாரியங்களிடமும் இருந்தது. வெஸ்ட்ரி உறுப்பினர்களில் பலர் சிறு வீட்டு உரிமையாளர்கள். உழைக்கும் மக்களின் குடியிருப்பு பற்றி விசாரித்த அரச ஆணையம் 1885இல் அளித்த அறிக்கையில், கிளெர்க்கன்வெல் மன்றத்தில் சேரி வீடுகளை உள்வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர்களே உறுப்பினர்களாக இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. நோட்டீஸ் அனுப்ப வேண்டியவரும் அதைப் பெற வேண்டியவரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தார்கள். சட்டத்தில் வழி இருந்தும் சேரிகள் அப்படியே கிடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதே முறை ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய நகராட்சிச் சட்டங்களிலும் புகுந்தது. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் கீழ், அசுத்தமான அல்லது புதர் மண்டிய இடத்தைச் சீர்செய்யுமாறு ஆணையர் நோட்டீஸ் கொடுக்க முடிந்தது. உரிமையாளர் செய்யாவிட்டால் மாநகராட்சியே செய்து, செலவை வரி பாக்கியைப் போல வசூலிக்க முடிந்தது.