செப்புத் தகடும் நாகைத் துறையும்

1859-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் தேம்ஸ் நதிக்கரையில், விஸ்லர் என்னும் அமெரிக்க ஓவியர் ‘பிளாக் லயன் வார்ஃப்’ என்றொரு சித்திரம் தீட்டினார். செப்புத் தகட்டின்மீது மெழுகு பூசி, ஊசிமுனையால் கீறி, கீறிய கோடுகளை அமிலத்தால் அரிக்கச் செய்து, மை தடவித் தாளில் ஒற்றியெடுத்த படம் அது. பின்னே பண்டகசாலைகளும் படகுகளும் நெருங்கி நிற்க, முன்னே பெரிதாக அமர்ந்திருப்பவர் பெயரறியா ஒரு துறைமுகத் தொழிலாளி!

அப்படத்தைக் காணுந்தோறும் நம் நெஞ்சம் நாகப்பட்டினத்தை நாடுகிறது. 1658-இல் டச்சுக்காரரிடமும் 1781-இல் ஆங்கிலேயரிடமும் கைமாறிய அத்துறையும் அக்காலத்தில் ஓய்வறியாது உழைத்தது. பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாமல் கடலிலேயே நங்கூரமிடும். காவிரி நாட்டின் நெல்லையும் அரிசியையும் துணிச் சிப்பங்களையும் தோணிகளில் ஏற்றி, அலைகளைக் கடந்து கப்பலில் சேர்ப்பார்கள். அரிசி இலங்கைக்குப் போகும். துணி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். பாக்கும் மரமும் திரும்பி வரும். இவ்வாணிபத்தில் மரக்காயர் பெருமக்கள் சிறந்து விளங்கினர்.

1861-இல் நாகையிலிருந்து தஞ்சைக்கு இருப்புப்பாதை அமைந்தது. நெல் மூட்டைகள் விரைந்து துறை சேர்ந்தன. ஆனால் நிலத்தில் உதவிய அதே நீராவி, கடலில் நம்மவரின் பாய்மரக் கப்பல்களைப் பின்தள்ளிவிட்டது.

அவ்வுழைப்பாளிகளின் முகங்களைப் பொறித்துவைக்க நாகைக்கு ஒரு விஸ்லர் வாய்க்கவில்லை. எனினும் சுவடு அடியோடு அழிந்துவிடவில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பிய நாகூர்ப் பெரிய மினாரா இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. அந்நாகூரின் நினைவாகவே, 1828-க்கும் 1830-க்கும் இடையில், சிங்கப்பூரின் தெலோக் ஆயர் வீதியில் ஒரு தர்கா எழுந்தது. அன்று அவ்வீதி கடற்கரை. கரையிறங்கியவர்கள் முதலில் கண்டவற்றுள் அதுவும் ஒன்று. பின்னாளில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால், இன்று அலையோசை அதனை எட்டுவதில்லை.

மற்றொரு சுவடு நம் இல்லங்களிலேயே இருக்கக்கூடும். பாட்டனார் காலத்துக் கணக்கேடுகள், அக்கரைக் கடிதங்கள், அரபுத் தமிழில் எழுதிய குறிப்புகள் முதலியன பழைய பெட்டிகளில் கிடப்பின், அவற்றை எடுத்துப் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், படியெடுத்து வையுங்கள். அமிலம் அரித்த செம்பு ஒரு துறைமுகத்தை வாழவைத்தது. செல் அரித்த காகிதமோ ஒரு சமுதாயத்தின் வரலாற்றையே மண்ணாக்கிவிடும்.