மணிக்கூண்டின் அடியில் ஒரு நூலகம்

மும்பைக் கோட்டைப் பகுதியில், ஓவல் திடலை நோக்கி ஓங்கி நிற்கும் இராஜாபாய் கோபுரத்தை அறியாதார் இந்நகரில் இலர். அதன் மணிப்பொறியை நிமிர்ந்து நோக்கி நடையை விரைவுபடுத்துவோர் பலர். ஆயின், அக்கோபுரம் ஒரு நூலகத்தோடு இணைந்தே எழுந்தது என்பதை நினைப்போர் மிகச் சிலரே.

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அந்நாளில் அவை பாடம் கற்பிக்கும் நிலையங்களாக அமையவில்லை; கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே விளங்கின. 1862இல் பம்பாயில் முதற்பட்டம் பெற்றோருள் மகாதேவ கோவிந்த ரானடே ஒருவர். அவர்தம் மாணவப் பருவத்தில் இந்த நூலக மாளிகை எழவில்லை.

அதற்கு வழிகோலியது பருத்தி. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரினால், அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்கு வருவது தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது; பம்பாயில் பொருள் வெள்ளம் பாய்ந்தது. பருத்தி வணிகத்திலும் பங்குச் சந்தையிலும் கொடிகட்டிப் பறந்த பிரேம்சந்த் ராய்சந்த், 1864இல் பல்கலைக்கழக நூலகத்திற்கென இரண்டு இலட்சம் ரூபாய் ஈந்தார். பின்னர், தம் அன்னையார் இராஜாபாயின் பெயரால் கோபுரம் எழுப்ப மேலும் இரண்டு இலட்சம் வழங்கினார். முதற்கொடை நூலுக்கு, அடுத்த கொடையே மணிக்கு. இவ்வரிசை நாம் கருத்திற் கொள்ளத்தக்கது.

1865இல் போர் ஓய்ந்தது, பருத்தி விலை சரிந்தது, பங்குகள் வெறுந்தாள்களாயின. பிரேம்சந்தும் தம் பெருஞ்செல்வத்தை இழந்தார். எனினும், அவர் கல்விக்கென ஈந்த பொருள் வீண்போகவில்லை. 1869இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1878 நவம்பரில் பணி நிறைவெய்தியது. வரைபடம் வகுத்த ஆங்கிலேயர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்தியாவிற்கு வந்ததே இல்லை. கட்டடம் முடியுமுன்பே, அவ்வாண்டு மார்ச்சில் மறைந்தார்.

கோபுரத்தின் உயரம் 280 அடி. கட்டட அமைப்பு மேனாட்டுக் கோதிக் பாணியினது. ஆயின் கோபுரத்தை அணிசெய்யும் 24 கற்சிலைகளோ மேற்கிந்திய மக்கட் பிரிவினரைக் காட்டுவன. சுழற்படிகளும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே பரவும் ஒளியும் படிப்பகத்திற்குத் தனியொரு பொலிவைத் தருகின்றன.

2015இல் இம்மாளிகையின் சீரமைப்புப் பணி நிறைவுற்றது. 2018இல் மும்பையின் விக்டோரியக் கால, ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதி யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றபோது, இதுவும் அத்தொகுதியில் அடங்கியது. கல்லையும் கண்ணாடியையும் காத்தல் கடமையே. ஆனால், நூலகத்தைக் காப்பது அதனோடு முடிவதன்று. ஏடு புரட்டும் கைகள் குறைந்துவிட்டால், எஞ்சுவது அழகிய மணிக்கூண்டு ஒன்றே. வணிகர் ஒருவரின் செல்வத்தில் நிலைத்து நின்றது எதுவென உணர்ந்தோமாயின், நாம் அண்ணாந்து மணி பார்ப்பதோடு நில்லாமல், படியேறி நூலையும் நாடுவோம்.