கதவுப்படிப் பட்டை, பைப்பிங் மாற்றுதல் (பழைய விளையாட்டுக் கார்)

கதவுப்படிப் பட்டை என்பது, காரில் ஏறி இறங்கும்போது கால்படும் கதவடி விளிம்பை மூடும் தகடு. பைப்பிங் என்பது கயிற்றைச் சுற்றி ரெக்சின் வைத்துத் தைத்த விளிம்பு. கதவுச் சட்டத்தின் தகர ஓரத்தை மறைக்கும்.

வாகனங்கள்: பிரிட்டனின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் (1962–1980) ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி உருவானது. அந்த ஹெரால்டை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் சென்னையில் தயாரித்தது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரில் கதவுக்குக் கீழே ஓடும் கதவடிப் பெட்டியே உடலின் பளுவையும் தாங்கும், ஹெரால்டில் அப்படியில்லை.

முறை: திருகுகளைக் கழற்றிப் பட்டையையும் பழைய பைப்பிங்கையும் எடுக்க வேண்டும். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, நீர் வடியும் துளைகளின் அடைப்பை நீக்க வேண்டும். புதிய பைப்பிங்கின் இணைப்பு கதவின் கீழ்ப்பக்கம் வருமாறு தொடங்குவது வழக்கம். வளைவுகளில் உள்மடிப்பை ஆங்காங்கே 'வி' வடிவில் வெட்டினால் சுருக்கம் விழாது. கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா என்று பார்த்த பிறகே பட்டையைத் திருக வேண்டும்.

பராமரிப்பு: சிதறால் உள்ளிட்ட குமரி மாவட்டப் பகுதிகளில் இரு பருவமழையும் பெய்வதால், பட்டைக்கடியில் ஈரம் தங்கித் துரு விரைவில் பிடிக்கும். பெட்டி உளுத்திருந்தால், முதலில் அதை வெல்டிங் செய்து சரிசெய்த பின்பே பட்டை பொருத்தப்படும்.