குரூப் போட்டோவில் நாம் ஏன் சிரிக்கவில்லை?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, ஹாஸ்டல் கதை நாலு எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்காகப் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில், எங்கள் பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு குரூப் போட்டோ அகப்பட்டது. முன்வரிசையில் பேராசிரியர்கள், பின்னால் மூன்று வரிசையாக நாங்கள். உற்றுப் பார்த்தேன். பல் தெரியச் சிரித்தவர்கள் ஐந்தாறு பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கிறோம்.

"கொஞ்சம் சிரிங்கப்பா, எழவு வீட்டுக்கா வந்திருக்கீங்க?" என்று போட்டோக்காரர் கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் சிரிக்காததற்குக் காரணம் துக்கம் அல்ல, பல்!

சிரித்த அந்த ஐந்தாறு பேரும் வெளியூர் ஆசாமிகள். அப்பாவின் உத்தியோக மாற்றத்தால் இங்கே வந்து சேர்ந்தவர்கள். வாயை மூடியவர்கள் பர்கூர், ஊத்தங்கரை, வேப்பனப்பள்ளி, சூளகிரி பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள். எங்கள் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள். சிலருக்குச் சுண்ணாம்புத் திட்டுகள். என் அம்மா செங்கல் தூள், அடுப்புக்கரி, வேப்பங்குச்சி எல்லாம் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "ஒழுங்கா வெளக்கறதில்ல" என்று அடியும் கிடைத்தது. படித்து முடித்து ஓசூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன். "வெத்தலை போடுவியா, பீடி குடிப்பியா?" என்பதுதான் முதல் கேள்வி. "ரெண்டும் இல்ல சார், எங்க ஊரு தண்ணி அப்படி" என்றேன். அவர் சிரித்தார். பல் வெள்ளையாக இருந்தது.

நான் சொன்ன பதில் சரியானதுதான் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதிலை நிரூபிக்கப் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக் கூடங்களும் எத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கின்றன என்ற வரலாற்றைப் பிற்பாடு படித்தபோது, மகிழ்ச்சியைவிட வெட்கமே அதிகமாக வந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாட்டின் காலில் தொடங்கிய ஆராய்ச்சி

1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல் எல்லாம் பழுப்பு. வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் குரூப் போட்டோ மாதிரியேதான்! தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அவர் சந்தேகித்தார். என்ன என்று கண்டுபிடிக்க முப்பது வருஷம் ஆயிற்று. 1931-இல் ஓர் அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர் சர்ச்சில், நிறமாலைச் சோதனையில் அதைப் பிடித்தார். அதுதான் ஃபுளோரைடு.

நம் பக்கம் இதைக் கண்டுகொண்டவர்கள் டாக்டர்கள் அல்ல, விவசாயிகள். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், உழவு மாடுகள் கால் விறைத்து நடக்க முடியாமல் போவதை 1930களில் கவனித்தார்கள். பிறகு மனிதர்களுக்கும் கழுத்தும் முதுகும் விறைத்தன. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த எச்.ஈ. ஷார்ட் தலைமையில் டாக்டர்கள் குழு ஆராய்ந்து, 1937-இல் கட்டுரை வெளியிட்டது. நோயின் பெயர், காரணம், எக்ஸ்ரே படம் எல்லாம் அதில் வந்துவிட்டன. அப்போது நம் பகுதி சேலம் ஜில்லா. அதுவும் அதே சென்னை மாகாணம்தான். இந்த வருடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1937.

1973-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும், ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் பிள்ளைகளுக்கு முழங்கால் முட்டிக்கொண்டு கால் வளைவதை 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஒரே தண்ணீரைக் குடித்தாலும், சாப்பாட்டில் கால்சியம் குறைந்த ஏழைப் பிள்ளைகளையே இந்த நோய் கூடுதலாக வாட்டும் என்பது இதுபோன்ற ஆய்வுகளால் தெளிவாயிற்று. கேழ்வரகுக் களியை நாம் ஹாஸ்டலில் எவ்வளவு கேலி செய்தோம்! நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதன் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது.

பாறையும் பல்லும்

நம் மாவட்டத்துக் கிரானைட் உலகமெங்கும் போகிறது. அந்தப் பாறைக்குள்ளேதான் வில்லனும் இருக்கிறான். அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் உள்ள ஃபுளோரைடு, பாறை இடுக்கில் வருஷக்கணக்காகத் தேங்கிய தண்ணீரில் மெல்லக் கரைகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடினால், ஃபுளோரைடு கரைந்தே நிற்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாறைப்பகுதித் தண்ணீரை 2010களில் ஆராய்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள், மெக்னீசியம் மிகுந்த தண்ணீரோடு இதைத் தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறார்கள்.

இதில் வரலாற்றின் விளையாட்டு ஒன்று உண்டு. எங்கள் தாத்தா காலத்தில் படிக்கட்டுக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுப்பார்கள். நரம்புச் சிலந்தியும் காலராவும் அதிலிருந்துதான் வந்தன. அதை ஒழிக்கத்தான் 1970களிலிருந்து பாறையைத் துளைத்து, 'இந்தியா மார்க் 2' அடிபம்புகளை ஊர் ஊராக நட்டார்கள். நரம்புச் சிலந்தி ஒழிந்தது. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழும் கொடுத்தது. அது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் கண்ணாடி போலத் தெளிந்த அந்த ஆழத்துத் தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் சேர்ந்து ஏறியது.

இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் முதலில் பாதிக்கப்படுவது, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தையின் பல். நிலைத்த முன்பல்லின் எனாமல் நாலைந்து வயதுக்குள் உருவாகிவிடும். கடைவாய்ப் பற்களுக்கு எட்டு வயது வரை ஆகும். ஆகவே பல் என்பது ஒரு டைரி. எந்தப் பல்லில் கறை என்று பார்த்தால், எந்த வயதில் என்ன தண்ணீர் குடித்தான் என்று சொல்லிவிடலாம். எழுதியதை அழிக்க மட்டும் முடியாது. எட்டு வயதுக்கு மேல் நல்ல தண்ணீர் கொடுத்தாலும் அந்தக் கறை போகாது. அம்மா செங்கல் தூள் போட்டுத் தேய்த்தது எல்லாம் வீண்தான்.

எழுபத்தாறு வருஷம்

தீர்வுகளும் வந்தன. நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் 1970களில் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடை இறக்கும் 'நல்கொண்டா முறை'யைக் கொடுத்தது. தினமும் அளந்து போடவும், அடியில் தங்கும் கசடை அகற்றவும் ஆள் வேண்டும். ஊருக்கு ஊர் அது நிலைக்கவில்லை. காவிரித் தண்ணீரைக் கொண்டுவருவதுதான் வழி என்று ஆனது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வருஷம் எல்லையில் நடந்ததெல்லாம் ஓசூர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. வேலையும் சிறிது காலம் தள்ளிப்போயிற்று. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் உருவான திட்டம், 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கோலாரிலும் தும்கூரிலும் இதே ஃபுளோரைடு, இதே பல். பல்லுக்கு மொழி கிடையாது!

1937-இல் காரணம் தெரியும். 2013-இல் தண்ணீர் வந்தது. இடையில் எழுபத்தாறு வருஷம். எங்கள் குரூப் போட்டோ நடுவில் எங்கேயோ இருக்கிறது.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லி இதை முடித்துவிட எனக்கு யோக்கியதை இல்லை. மூன்று வருஷம் வேதியியல் படித்தவன் நான். ஃபுளோரின்தான் தனிமங்களிலேயே எலக்ட்ரான் கவர்திறன் மிகுந்தது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். லேபில் எத்தனையோ தண்ணீருக்குக் கடினத்தன்மை பார்த்தேன். என் வாயில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்று என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஊர் பம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து, "சார், இதப் பாக்கலாமா?" என்று கேட்கவில்லை. பல வருஷம் கழித்து இந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஊருக்கு ஓடினேன். அக்கா மகனுக்கு அப்போது பத்து வயது. என்னைப் பார்த்ததும், "மாமா!" என்று கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அந்தப் பழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

இது முடிந்துபோன கதை என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் காவிரித் தண்ணீர் வராத நாட்களில், பழைய போர்த் தண்ணீரை அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். குழாய் ஒன்றுதான், உள்ளே வருவது எந்தத் தண்ணீர் என்று குடிக்கிறவருக்குத் தெரியாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும். தண்ணீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். மழைநீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

சங்கத்துக்கு என் யோசனை இது. ஒவ்வொரு வருஷமும் முதலாண்டு மாணவர்கள் அவரவர் ஊர்த் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுவரட்டும். சிர்க்கோனியம் அலிசரின் சாயம் போதும். ஃபுளோரைடு ஏற ஏறச் சிவப்பு வெளிறி மஞ்சளாகும். சந்தேகப்பட்டதை மட்டும் நல்ல கருவியுள்ள கூடத்துக்கு அனுப்பலாம். செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் ஏற்கிறோம். முடிவு ரிக்கார்டு நோட்டோடு நின்றுவிடக் கூடாது. அந்தந்த மாணவரே தன் ஊர்க் கிராம சபையில் எழுந்து அதை வாசிக்க வேண்டும். கட்டுரை பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்கு வர எழுபத்தாறு வருஷம் ஆயிற்று. ஒரு மாணவன் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம்.

இந்த முறை ஒன்றுகூடலிலும் குரூப் போட்டோ உண்டாம். எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு இப்போது பல்செட், தைரியமாகச் சிரிக்கலாம். ஆனால் நான் பார்க்க ஆசைப்படுவது வேறொரு போட்டோ. இன்றைக்கு நம் ஊர் அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், பதினைந்து வருஷம் கழித்து இந்தக் கல்லூரியில் எடுத்துக்கொள்ளப்போகும் குரூப் போட்டோ. அதில் யாரும் வாயை மூடி நிற்கக் கூடாது.